தரை டிக்கெட்

“புரொஜெக்டர் எத்தனை லூமன்ஸ்?”, “ஸ்பீக்கர் வாடகையா, சொந்தமா?”, “ஸ்டேஷன்ல சொல்லணுமா?” தங்கள் தெருவிலும் படம் போட ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இந்த மூன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே சொல்லிவிடுகிறேன்.

லூமன்ஸ் 3,000 இருந்தால் தாராளம். நன்றாக இருட்டியிருக்க வேண்டும்; தெருவிளக்குக்கு நேர் கீழே திரை கட்டக் கூடாது. இணையத்தில் அடிமாட்டு விலைக்கு வரும் பெட்டிகளின் மேல் அச்சடித்திருக்கும் லூமன்ஸ் கணக்கை நம்ப வேண்டாம். ஸ்பீக்கர் வாடகைக்குப் போதும், பந்தல்காரரிடமே கிடைக்கும். ஒலிபெருக்கி வைக்க எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் வைக்கக் கூடாது. அதனால் ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். படம் முடிந்த பிறகு பேசவும் கொஞ்சம் நேரம் வேண்டுமே.

ஆச்சு. இனி, யாரும் கேட்காத நான்காவது கேள்வி. வருகிற ஜனம் எங்கே உட்காரும்?

தெரியாதவர்களுக்காக: நான் படம் வரைந்தும் லினோ செதுக்கியும் புத்தக அட்டை, கல்யாணப் பத்திரிகை என்று கிடைத்த வேலையைச் செய்தும் பிழைக்கிற ஆள். மதுரையில் செல்லூர்ப் பக்கம் வீடு. தறிச் சத்தம் இன்னும் மிச்சமிருக்கிற தெரு. மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே படம் போடுகிறோம். சினிமாவைப் பற்றி இதில் நான் கற்றுக்கொண்டதைவிட, மனிதர்கள் உட்காரும் விதத்தைப் பற்றிக் கற்றுக்கொண்டது அதிகம். இந்தப் பதிவு அதைப் பற்றியதுதான்.

*

இந்த ஊர்களுக்கு சினிமா வந்ததே தெருவோடு வந்ததுதான். திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் வாங்கினார். வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். தெற்கே தொடங்கிய அந்தப் பயணம் லாகூர், பெஷாவர், ரங்கூன் வரை நீண்டது. பின்னால் வந்த டூரிங் டாக்கீஸ்களுக்கெல்லாம் அவர்தான் முன்னோடி.

டூரிங் டாக்கீஸ் என்றவுடன் எல்லோருக்கும் முறுக்கும் சோடாவும் மணல் குவித்து உட்கார்ந்ததும் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளத் தோன்றுவது டிக்கெட்டுகளைத்தான். தரை, பெஞ்சு, சேர். தரையிலும் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று நடுவே ஒரு குட்டைச் சுவர் அல்லது தட்டி. ஒரே படம், ஒரே இருட்டு. ஆனாலும் எங்கே உட்கார்ந்து பார்த்தாய் என்பதில் ஒருவருடைய நிலைமை தெரிந்துவிடும்.

கா. சிவத்தம்பி, தமிழ் சினிமாவையும் அரசியலையும் பற்றி 1981-இல் ஆங்கிலத்தில் எழுதிய சிறு நூலில் இதைத் தொட்டிருக்கிறார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் கூடிய முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்பது அவர் கருத்து. யாருக்கு எந்த இடம் என்பதை அங்கே தீர்மானித்தது குலத்தில் இருந்த உயர்வு தாழ்வு இல்லை, டிக்கெட் வாங்கும் சக்தி. கோயிலிலும் கூத்துக்களத்திலும் இன்னார் இங்கேதான் நிற்க வேண்டும் என்று இருந்த ஊரில், காசைக் கொடுத்தால் பெஞ்சில் உட்காரலாம் என்பது சின்ன விஷயமில்லை.

எங்கள் மதுரையிலேயே தங்கம் தியேட்டர் 1952-இல் ‘பராசக்தி’யோடு திறந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல் இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். ஒரே காட்சியில் அத்தனை பேர் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை இருக்கிறது.

*

சரி, எங்கள் தெருவுக்கு வருகிறேன். இங்கே டிக்கெட் கிடையாது. அப்படியானால் தரை, பெஞ்சு, சேர் என்ற பிரிவும் கிடையாது என்றுதானே நினைப்போம்? காசை எடுத்துவிட்டால், காசுக்கு முன்னால் இருந்தது எழுந்து வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆரம்பத்தில் தெருவின் மேற்குக் கோடியில், என் வீட்டு மாடிச் சுவரிலிருந்து எதிர்வீட்டு ஜன்னல் கம்பிக்குக் கயிறு கட்டித் திரை தொங்கவிட்டோம். ஜமுக்காளம் விரித்தோம். முதலில் பிள்ளைகள் ஓடிவந்து திரைக்குக் கீழே படுத்துக்கொண்டார்கள். தறிக்காரர்கள் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. அவற்றில் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்த்தால், சொந்த வீடு உள்ள பெரியவர்கள். வாடகைக்கு இருப்பவர்கள் அவர்களுக்குப் பின்னால் ஜமுக்காளத்தில். இளவட்டங்கள் வண்டியை ஸ்டாண்டு போட்டு அதன்மேல். பெண்கள் அவரவர் வீட்டு வாசற்படியில். பாதிப் படம் கதவுக்கு உள்ளே இருந்தபடி, அடுப்பில் ஒரு கண் வைத்து. தெருவின் கிழக்குக் கோடியில் தூய்மைப் பணியாளர் குடியிருப்பு இருக்கிறது. அங்கிருந்து வந்தவர்கள் கடைசியில், மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள். யாரும் அவர்களை நிற்கச் சொல்லவில்லை. யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை.

“வாங்கண்ணே, முன்னாடி வந்து உக்காருங்க” என்று கூப்பிட்டால், “இல்லப்பா, இங்கிட்டே நல்லாத் தெரியுது” என்பார்கள். அந்தப் பதிலில் இருக்கும் பழக்கத்தை மைக்கில் பேசிக் கரைக்க முடியாது. நாற்காலிகளைத் தடை செய்யலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். முழங்கால் வலிக்கும் பெரியவரை எங்கே உட்காரவைப்பது? இன்னொருவர் வரிசை எண் போடலாம் என்றார். அது ரேஷன் கடை.

கடைசியில் மனிதர்களைத் தொடாமல் திரையை நகர்த்தினோம். அடுத்த மாதம் கிழக்குக் கோடியில், குடியிருப்பின் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கட்டினோம். இப்போது முன்வரிசை என்பது அவர்கள் வாசல். நாற்காலிக்காரர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் நடந்து வர வேண்டும். சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை. வராதவர்களின் பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். குழாயடிப் பெண்மணி ஒருவர் தன் வீட்டிலிருந்து பாய் கொண்டுவந்து, “எங்க இடத்துக்கு வந்திருக்கீங்க, உக்காருங்க” என்று சொன்னபோது, அந்தத் தெருவில் யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர் என்ற கணக்கு ஒரு ராத்திரிக்காவது மாறியது.

*

திரை விஷயத்தில் எங்களுக்கு உதவியது செல்லூர்த் துணிதான். கடையில் விற்கும் புரொஜெக்டர் திரைகளுக்குப் பின்புறம் கறுப்புப் பூச்சு இருக்கும், வெளிச்சம் ஊடுருவாது. எங்களுடையது வெறும் வெள்ளைத் துணி, பக்கத்துத் தெருவில் வேட்டிக்கு நெய்தது, இரண்டை இணைத்துத் தைத்தது. நடுவில் தையல் ஓடும். துணி வழியாக வெளிச்சம் பின்பக்கமும் போய்விடும். அதாவது திரையின் இரண்டு பக்கமும் படம் தெரியும். பின்பக்கத்தில் இடது வலதாக மாறித் தெரியும், கொஞ்சம் மங்கலாகவும் இருக்கும், அவ்வளவுதான். துணியில் தண்ணீர் தெளித்தால் பின்பக்கம் இன்னும் பளிச்சென்று வரும். மாயவிளக்குக் காட்சி நடத்தியவர்கள் இருநூறு வருடத்துக்கு முன்பே கையாண்ட உத்தி இது.

ஆகவே இப்போது தெருவின் நடுவில், குறுக்காகக் கட்டுகிறோம். மேற்குக் கோடி ஒரு பக்கம், கிழக்குக் கோடி மறுபக்கம், நடுவில் படம். நேராகத் தெரியும் பக்கம் ஒரு மாதம் இவர்களுக்கு, அடுத்த மாதம் அவர்களுக்கு. “இந்தத் தடவ நாங்க நேர் பக்கமா, கண்ணாடிப் பக்கமா?” என்று பிள்ளைகள் வெள்ளிக்கிழமையே வந்து கேட்கிறார்கள். பெரியவர்கள் யாரும் அப்படி வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பது தெரியும்.

கண்ணாடிப் பக்கம் உட்கார்ந்தால் சப்டைட்டில் இடது வலதாக மாறிவிடும், அதைப் படிக்க முடியாதே என்று கேட்கலாம். எங்களுக்கு அது பிரச்சினையாகவே இல்லை. நேர் பக்கம் உட்கார்ந்தவர்களில் பலருக்கும் ஓடும் எழுத்தைப் படிக்க வராது. அதனால் ஆளே வைத்துவிட்டோம்.

*

பேசாப் படக் காலத்தில் நம் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஆள் இருந்தார்கள். எழுத்து அட்டைகளைப் படித்துச் சொல்வார்கள், பாத்திரங்களுக்குக் குரல் கொடுப்பார்கள், நடுநடுவே சொந்தச் சரக்கும் சேர்ப்பார்கள். பேசும் படம் வந்ததும் அந்தத் தொழில் போய்விட்டது. எங்கள் தெருவில் அதற்கு மறுபடி வேலை கிடைத்திருக்கிறது. சொல்பவர் எங்கள் அப்பத்தா ஒருவர். என் சொந்த அப்பத்தா இல்லை, தெருவுக்கே அப்பத்தா. நான் முன்கூட்டியே ஒருமுறை படத்தைப் போட்டுக்காட்டி வசனத்தைச் சொல்லிவிடுவேன். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

சத்யஜித் ராயின் ‘பாதேர் பாஞ்சாலி’ 1955-இல் வந்தது. இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 ஆண்டுகள். அந்தக் கணக்கில் பழைய இந்தியப் படங்கள் பல இப்போது பொதுச் சொத்து. எங்களைப் போன்ற பைசா இல்லாத ஆட்களுக்கு அது பெரிய வரம். அப்படித்தான் ஒரு மாதம் ‘பாதேர் பாஞ்சாலி’யைப் போட்டோம்.

வங்காளக் கிராமம், இடிந்த வீடு, துர்கா, அப்பு, அவர்கள் அம்மா சர்வஜயா. வீட்டில் ஒண்டியிருக்கும் கூன் விழுந்த கிழவி இந்திர். கொய்யாப்பழத்தைத் திருடிக்கொண்டு வந்து துர்கா அவளுக்குக் கொடுப்பாள். சர்வஜயா அந்தக் கிழவியை விரட்டுவாள். திரைப்படச் சங்கங்களில் இந்தப் படத்தைப் பார்த்தபோதெல்லாம் பேச்சு காசப்பூக் காட்டையும் ரயிலையும் ரவிசங்கரின் சிதாரையும் பற்றியே இருக்கும். எங்கள் தெருவில் ரயிலைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சு முழுக்க சர்வஜயா செய்தது சரியா தப்பா என்பதுதான்.

ஆண்கள் எல்லோரும் கிழவி பக்கம். “பெத்த தாய் மாதிரி, சோறு போடாம விரட்டலாமா?” என்றார் ஒருவர். வாசற்படியிலிருந்து ஒரு அக்கா திருப்பிக் கேட்டார்: “புருசன் சம்பாத்தியம் பத்தல. வீட்ல அரிசி இல்ல. அவ யாருக்குண்ணே சோறு போடுவா?” அதுவரை படியில் உட்கார்ந்திருந்தவர் அதைச் சொல்வதற்காக எழுந்து வெளிச்சத்துக்கு வந்துவிட்டார். அதன் பிறகு இன்னும் நாலு பேர் வந்தார்கள். அப்பத்தா மட்டும் எந்தப் பக்கமும் பேசவில்லை. கடைசியில் துர்கா திருடிய மாலையை அப்பு கண்டெடுத்துக் குளத்தில் எறியும் இடத்தில், கதை சொல்வதையே நிறுத்தியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “அதான் தெரியுதுல்ல” என்றார். வர்ணனையின் இலக்கணம் அதற்கு மேல் எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ பற்றியும் சொல்ல வேண்டும். 1988. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். அந்தப் படம் முடிந்ததும் நடிப்பைப் பற்றிப் பேசுவார்கள் என்று காத்திருந்தால், ஒரு கொத்தனார் எழுந்து, கான்ட்ராக்டர் சிமெண்டை எந்தெந்த வழிகளிலெல்லாம் எடுப்பார் என்று செய்முறை விளக்கமே கொடுத்தார். பட்டா, பிளான் அப்ரூவல், கடன் வட்டி என்று கூட்டம் பத்து மணியைத் தாண்டிவிட்டது. நல்லவேளை, ஸ்பீக்கர் அணைத்தாகிவிட்டது.

எல்லா ராத்திரியும் இப்படி இனிக்காது. அமுதன் ஆர்.பி. 2003-இல் எடுத்த ‘பீ’ என்ற ஆவணப்படம் இதே மதுரையில் எடுக்கப்பட்டது. ஒரு தெருவில் மலத்தைக் கூட்டி அள்ளும் மாரியம்மாள் என்ற பெண்ணின் அன்றாட வேலையை கேமரா அவர் கூடவே நின்று பார்க்கிறது. அதைத் தெருவில் போடலாமா என்று நான் முதலில் கேட்டது கிழக்குக் கோடிக்காரர்களைத்தான். வேண்டாம் என்றார்கள். “எங்களுக்குத் தெரிஞ்சத எங்களுக்கே எதுக்குக் காட்டணும்? அவங்களுக்குப் போட்டுக் காட்டு, நாங்க அன்னிக்கு வரல” என்றார் ஓர் அண்ணன். அப்படியே செய்தோம். மேற்குக் கோடியில் மட்டும் போட்டோம். நாற்காலிகளில் பாதி நடுவிலேயே காலி. மிச்சமிருந்தவர்கள் அன்று ரொம்ப நேரம் பேசினார்கள். கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான சட்டம் 2013-இல் வந்ததையும், அதன் பிறகும் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கி ஆட்கள் சாவதையும், நம் வீட்டுத் தொட்டியை யாரைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்கிறோம் என்பதையும். ஒரு படத்தை யாருக்குக் காட்டக் கூடாது என்று யோசிப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான்.

*

காசு விஷயம். உண்டியல் வைக்கிறோம். பந்தல்காரர், மின்சாரம், டீ எல்லாம் அதில்தான். இதற்கு எனக்கு முன்மாதிரி, ‘அக்ரகாரத்தில் கழுதை’ எடுத்த ஜான் ஆபிரகாம். 1984-இல் அவரும் நண்பர்களும் கேரளத்தில் ‘ஒடேசா’ என்ற கூட்டமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகப் படம் காட்டி ஜனங்களிடமிருந்து சிறுசிறு தொகையாகச் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் 1986-இல் ‘அம்ம அறியான்’ வந்தது. பார்க்கிறவர்களே தயாரிப்பாளர்கள். எங்கள் உண்டியல் அந்த அளவுக்கெல்லாம் போகாது. ஆனால் பத்து ரூபாய் போட்டவர், “போன மாசம் படம் இழுவை. அடுத்து என்ன போடப் போற?” என்று உரிமையோடு அதட்டுகிறார். இலவசமாக வாங்கிக்கொள்பவரிடமிருந்து அந்த அதட்டல் வராது.

*

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். ஒவ்வொரு படத்துக்கும் லினோவில் ஒரு போஸ்டர் செதுக்கி, தெருவிலேயே அச்சடிக்கிறோம். மையை உருட்டுவது பிள்ளைகள், தாளை அழுத்தித் தேய்ப்பது கரண்டியின் முதுகால். முன்பு தியேட்டர் பேனர் வரைந்த பெரியவர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். ஃப்ளெக்ஸ் வந்ததோடு தூரிகையைக் கீழே வைத்தவர். அவர் வந்து கட்டம் போட்டுப் பெரிதாக்கும் வித்தையைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். ஒரு சின்னப் புகைப்படம், அதன்மேல் பென்சில் கட்டங்கள், சுவரில் அதே கட்டங்கள் சுண்ணாம்புக் கயிற்றால். சிவாஜியின் மூக்கு மட்டும் ஒரு கட்டம் முழுக்க வரும் என்று சிரித்தார்.

இரண்டாவது வேலை, படம் பார்க்கிறவர்களை வரைவது. அப்பாஸ் கியாரோஸ்தமியின் ‘ஷிரின்’ (2008) பார்த்தவர்களுக்குத் தெரியும்: திரையில் ஓடும் கதையைக் காட்டவே மாட்டார், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நடிகைகளின் முகங்களை மட்டும் காட்டுவார். இரண்டு பக்கமும் ஜனம் உட்கார்ந்த எங்கள் திரையடியில் எனக்கு அந்த வசதி இருக்கிறது. ஓரமாக உட்கார்ந்தால் இரண்டு கோடிகளின் முகங்களும் ஒரே நேரத்தில் தெரியும். ஒரே சிரிப்பு இரண்டு பக்கமும் வரும் இடங்களையும், ஒரு பக்கம் மட்டும் வரும் இடங்களையும் தனித்தனியாகக் குறித்து வரைகிறேன். ஒரு பக்கம் மட்டும் வரும் சிரிப்பில்தான் எனக்கு அதிகம் கற்க இருக்கிறது.

மூன்றாவது வேலையில் ஒரே ஒரு கேள்வி: “நீங்க பார்த்த முதல் படம் எது, எந்த டிக்கெட்ல உட்கார்ந்தீங்க?” ஒரு சீட்டில் எழுதியோ சொல்லியோ கொடுத்தால் அதை வரைந்து அச்சடித்துத் திருப்பிக் கொடுப்பேன். படத்தின் பெயர் பலருக்கு மறந்துபோயிருக்கிறது. உட்கார்ந்த இடம் யாருக்கும் மறக்கவில்லை. சேர் டிக்கெட் எடுக்கக் காசிருந்தும் தரையிலேயே உட்கார்ந்ததாக ஒரு தாத்தா சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் மின்கம்பத்துப் பக்கம் நின்று பார்ப்பவர்.

சிவத்தம்பி சொன்ன அந்த வாங்கும் சக்தியின் எல்லை அங்கே தெரிகிறது. 2023-இல் சென்னையில் ஒரு திரையரங்கில், கையில் டிக்கெட் இருந்தும் நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் நிறுத்தினார்கள். கூடியிருந்தவர்கள் தட்டிக் கேட்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள். சினிமாக் கொட்டகை எல்லோரையும் ஒரு கூரைக்குக் கீழே கொண்டுவந்தது உண்மை. அந்த வாசலில் டிக்கெட்டைக் கிழிப்பவர் யாரைப் பார்க்கிறார் என்பதும் உண்மை.

கையிலேயே திரை இருக்கும்போது தெருவுக்கு எதற்கு வர வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: கைபேசியில் நமக்குப் பக்கத்தில் யாரும் இல்லை, அதனால் யார் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்பதும் நமக்குத் தெரியப்போவதில்லை. தெருவில் அது வெட்டவெளிச்சமாகத் தெரிந்துவிடும். தெரிந்தால்தான் மாற்ற முடியும்.

வாசற்படி இன்னும் மாறவில்லை. ‘பாதேர் பாஞ்சாலி’ அன்று வெளிச்சத்துக்கு வந்த அக்காமார்கள் மறுமாதம் மறுபடி படிக்கே போய்விட்டார்கள். ராத்திரி ஏழு மணி என்பது அவர்களுக்குச் சமையல் நேரம் என்பதை அவர்களே சொன்னார்கள். அதனால் அடுத்த காட்சி மதியம் இரண்டு மணிக்கு, தறிக்கூடத்துக்குள், ஜன்னலில் சாக்கு கட்டி இருட்டாக்கி. படத்தைத் தேர்ந்தெடுப்பது அவர்கள், உண்டியல் அவர்கள் கையில். ஆண்களுக்கு அனுமதி உண்டா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.